பொது இடமும் கலையும்: மூன்ஸ்டர் நகரின் பட்டறிவு

அரும்பொருளகத்திற்குச் செல்பவர் கலையைக் காணும் விருப்பத்தோடு செல்கிறார், பிடிக்காவிடில் வெளியேறிவிடுகிறார். நகரச் சதுக்கத்திலோ ஏரிக்கரையிலோ நிறுவப்படும் கலைப்படைப்பின் நிலை வேறு. வேலைக்குச் செல்பவரும் பள்ளி மாணவரும் அதனை நாள்தோறும் கடந்தாக வேண்டும். அவர்களுடைய ஒப்புதலை எவரும் கேட்பதில்லை. ஆயினும் அவ்விடம் அவர்களுக்கும் உரியது. எனவே, பொது இடங்களில் நடைபெறும் ஒவ்வொரு கலைவிழாவும் ஒரு கேள்வியோடுதான் பிறக்கிறது: எல்லார்க்கும் உரிய இடத்தில் எது நிற்கலாம் என்பதை யார் முடிவு செய்வது?

இக்கேள்வியோடு நெடுங்காலம் வாழ்ந்துவரும் நகரம், ஜெர்மனியின் மேற்குப் பகுதியிலுள்ள மூன்ஸ்டர். ‘ஸ்கல்ப்டூர் புரொயெக்டெ’, அதாவது ‘சிற்பத் திட்டங்கள்’ என்னும் பன்னாட்டுச் சமகாலக் கலைவிழா அங்கே 1977ஆம் ஆண்டு தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்று வருகிறது. 2017ஆம் ஆண்டில் நடந்தது ஐந்தாவது விழா.

எதிர்ப்பில் பிறந்த விழா

இவ்விழாவின் தோற்றம் ஒரு பூசலில் உள்ளது. 1970களில், அமெரிக்கச் சிற்பி ஜார்ஜ் ரிக்கி உருவாக்கிய, காற்றில் சுழலும் மூன்று சதுரங்களைக் கொண்ட உலோகச் சிற்பம் ஒன்றை நகரில் நிறுவும் முயற்சி எழுந்தபோது மக்கள் கடுமையாக எதிர்த்தனர். அப்போது அந்நகர அரும்பொருளகத்தில் பணியாற்றிய கிளவுஸ் புஸ்மன், எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என ஒதுக்கிவிடவில்லை. நவீனச் சிற்பத்தின் வரலாற்றைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் சொற்பொழிவுகளுக்கு ஏற்பாடு செய்தார். அம்முயற்சியே வளர்ந்து, காஸ்பர் கோனிக்கின் துணையோடு 1977ஆம் ஆண்டின் கண்காட்சியாக உருவெடுத்தது.

விளக்கம் கேட்டதும் நகரம் மனம் மாறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. முதல் விழாவில் கிளேஸ் ஓல்டன்பர்க், ஆசே ஏரிக்கரையில் மூன்று பெரிய கான்கிரீட் உருண்டைகளை வைத்தார். ஒவ்வொன்றும் 3.5 மீட்டர் விட்டமுடையது. நகரத்தையே ஒரு பில்லியர்ட்ஸ் மேசையாகக் கற்பனை செய்த படைப்பு அது. சினமுற்ற மாணவர்கள் அவ்வுருண்டைகளை ஏரிக்குள் உருட்டிவிட முயன்றனர். அவை அசையவில்லை. இன்று அதே உருண்டைகளின் நிழலில் மக்கள் அமர்ந்து இளைப்பாறுகின்றனர். அவை நகரின் அடையாளங்களுள் ஒன்றாகிவிட்டன.

இடத்திலிருந்து பிறக்கும் படைப்பு

மூன்ஸ்டர் விழாவின் அடிப்படை நெறி எளிமையானது. வேறெங்கோ செய்து முடித்த சிற்பத்தைக் கொணர்ந்து வைப்பது அதன் நோக்கமன்று. கலைஞர் நகருக்கு வந்து, சுற்றித் திரிந்து, தமக்குரிய இடத்தைத் தாமே தேர்ந்து, அவ்விடத்திற்கெனப் படைக்கிறார். ஆகவே, படைப்பை இடத்திலிருந்து பிரித்தால் அதன் பொருள் குன்றிவிடும்.

இதற்குச் சிறந்த சான்று லாம்பெர்ட்டி தேவாலயத்தின் கோபுரத்தில் உள்ளது. அங்கே மூன்று இரும்புக் கூண்டுகள் தொங்குகின்றன. 1536ஆம் ஆண்டில், மூன்ஸ்டரைக் கைப்பற்றி ஆண்ட ‘அனபாப்டிஸ்டு’ சமயக் குழுவின் தலைவர்கள் மூவர் கொல்லப்பட்டு, அவர்களுடைய உடல்கள் அக்கூண்டுகளில் வைத்து மக்களுக்குக் காட்டப்பட்டன. 1987ஆம் ஆண்டு விழாவில் லோதார் பவும்கார்ட்டன் கூண்டு ஒன்றுக்கு ஒரு மின்விளக்கு வீதம் மூன்று மங்கிய விளக்குகளைப் பொருத்தினார். அவர் செய்தது அவ்வளவே. இருள் சூழ்ந்த பின், அண்ணாந்து பார்ப்பவருக்கு மட்டுமே அவ்வொளி தெரியும். அச்சுறுத்துவதற்காகத் தொங்கவிடப்பட்ட கூண்டுகள், கொல்லப்பட்டோரை நினைக்கும் இடமாக மாறின. அதே விளக்குகளை ஓர் அரும்பொருளகத்தில் வைத்தால் அவை வெறும் விளக்குகளே.

மைக்கேல் ஆஷரின் படைப்போ காலத்தையே கருவியாகக் கொண்டது. 1977ஆம் ஆண்டில் அவர் ஒரு சாதாரண கேரவன் வண்டியை வாரந்தோறும் நகரின் வெவ்வேறு இடங்களில் நிறுத்தினார். 1987, 1997, 2007 ஆகிய ஆண்டுகளிலும் அதனை அதே இடங்களில் நிறுத்த முனைந்தார். கட்டடம் எழும்பியோ சாலை மாறியோ ஓரிடம் இல்லாமற்போயிருந்தால், அவ்வாரம் வண்டி வெளியே வரவில்லை. நகரம் எவ்வாறு மாறியுள்ளது என்பதை அந்த வெற்றிடமே உணர்த்தியது.

மறுப்பும் சேதமும்

பொது இடத்தில் கலைஞரின் விருப்பம் மட்டும் செல்லுபடியாவதில்லை. 1997ஆம் ஆண்டில் பேராலயத்தை ஒட்டிப் படைக்க விரும்பிய துருக்கியக் கலைஞர் அய்ஷே எர்க்மனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் அரும்பொருளகத்தின் பழைய சிற்பங்களை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுப் பேராலயத்திற்கு மேலே பறக்கச் செய்தார். தரை மறுக்கப்பட்டபோது வான்வெளி கலைக்கூடமாயிற்று. அவரே 2017ஆம் ஆண்டில், துறைமுகக் கால்வாயின் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு பாதை அமைத்தார். பிரிந்து கிடந்த இரு கரைகளுக்கு இடையே மக்கள் நீரின்மீது நடப்பவர்போல் கடந்து சென்றனர்.

எல்லா எதிர்வினைகளும் இனியவையல்ல. அதே 2017ஆம் ஆண்டில் நிக்கோல் ஐசன்மன் அமைத்த நீரூற்றுச் சிற்பத் தொகுதியில், ஓர் உருவத்தின் தலை அகற்றப்பட்டது. நாஜிகளின் சின்னமும் அதன்மீது வரையப்பட்டது. திறந்த வெளி என்பது வெறுப்புக்கும் திறந்த வெளியே என்பதை இது காட்டியது. ஆனால் நிகழ்வு அத்துடன் முடியவில்லை. குடிமக்கள் ஒன்றிணைந்து நிதி திரட்டினர். அந்நீரூற்று நகரில் நிலையாக நிறுவப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பத்தை எதிர்த்துத் திரண்ட நகரம், இம்முறை ஒரு சிற்பத்தைக் காக்கத் திரண்டது.

நமக்கு அருகில்

இத்தகைய முயற்சி நமக்கும் புதிதன்று. 2011ஆம் ஆண்டு சிங்கப்பூர் பியனாலே கலைவிழாவில், ஜப்பானியக் கலைஞர் தட்சு நிஷி மெர்லயன் சிலையைச் சுற்றி ஒரு தற்காலிக விடுதி அறையைக் கட்டினார். தொலைவிலிருந்து படமெடுத்துப் பழகிய சின்னம், கட்டிலுக்கருகே நிற்கும் உருவமாயிற்று. நாள்தோறும் கண்டு, காணாமலே விட்ட ஒன்றை மக்கள் மீண்டும் கண்டனர்.

மூன்ஸ்டரின் பட்டறிவு உணர்த்துவது இதுவே: பொது இடக் கலையின் வெற்றியைத் திறப்பு விழா நாளின் கைதட்டலால் அளக்க இயலாது. பத்தாண்டு இடைவெளி என்பது வெறும் ஓய்வன்று. சினம் ஆறவும், பழக்கம் முளைக்கவும், கருத்து மாறவும் நகரம் தனக்குத் தானே அளித்துக்கொள்ளும் அவகாசம். எதிர்ப்பவரை வாயடைக்கச் செய்யாமல், அவரோடு தொடர்ந்து உரையாடுவதும் அந்த அவகாசத்தின் பகுதியே.

ஆசிரியர்கள் மாணவர்களை ஒரு பொதுச் சிற்பத்தின் முன் அழைத்துச் செல்லும்போது, ‘இது அழகாக உள்ளதா?’ என்று மட்டும் கேட்காமல், ‘இது ஏன் இங்கே நிற்கிறது? இது இல்லாவிடில் இவ்விடம் எவ்வாறு இருக்கும்?’ என்றும் கேட்கலாம். பிடிக்கவில்லை என்று கூறும் மாணவர் அதற்கான காரணத்தைச் சொல்லத் தொடங்கும்போது, அவர் தம் நகரத்தைப் பற்றியே பேசத் தொடங்குகிறார்.