வயிற்று வாயு: உணர்வும் அளவும்

வடசென்னை மக்கள் வாயுக்களை மூக்கினால் அறிந்தவர்கள். மணலிப் பக்கமிருந்து காற்று வீசும் இரவுகளில் அழுகிய முட்டையின் நாற்றம் திருவொற்றியூர் வரை வருவதுண்டு. அது கந்தகம் கலந்த வாயு என்பதைப் பள்ளிக்கூடம் போகாதவரும் சொல்வர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் எண்ணூரில் கசிந்தபோது, பெரியகுப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக வீடுகளை விட்டு ஓடினர். ஒரு கன மீட்டர் காற்றில் 400 மைக்ரோகிராமுக்கு மேல் அம்மோனியா இருத்தலாகாது என்பது விதி. ஆலையின் அருகே 2,090 இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறியது. அந்த எண் வெளிவந்த பின்னர், வெறும் நாற்றம்தான் என்று எவராலும் தட்டிக் கழிக்க இயலவில்லை.

ஆலைப் புகைபோக்கிகளில் நாம் அஞ்சும் வாயுக்களிற் சில நம் குடலிலும் உண்டாகின்றன. ஹைட்ரஜன், மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா ஆகிய நான்கும் அங்கே உள்ளன. ஆயின் இவற்றை அளந்தறிந்தா நாம் பேசுகிறோம்? முதுகு பிடித்தால் வாயு, நெஞ்சு அடைத்தால் வாயு, பசி எடுக்காவிடில் வாயு. தமிழில் இத்துணை நோய்களுக்குப் பொதுப்பெயராய் அமைந்த சொல் வேறொன்று இல்லை எனலாம். அளவு என்பது இங்கு நுழைந்தால் என்ன மாறுகிறது என்பதே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் இருப்பைக் காண்போம். எந்நேரமும் குடலில் தங்கியிருக்கும் வாயு ஏறத்தாழ 200 மில்லிலிட்டர். ஒரு தேநீர்க் குவளையின் கொள்ளளவுதான். ஒரு நாளில் கீழ்வழியே வெளியேறுவது அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை என்று, பத்து நலமான மனிதர்களைக் கொண்டு 1991இல் இங்கிலாந்தில் கணக்கிட்டனர். விழுங்கிய காற்றிலிருந்து நைட்ரஜனும் சிறிது ஆக்சிஜனும் வருகின்றன. இரைப்பை அமிலம் குடலின் காரத்தோடு சேரும்போது கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. எஞ்சியவை பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உணவைப் புளிக்கவைத்து ஆக்குபவை. ஹைட்ரஜனுக்கும் மீத்தேனுக்கும் மணமே கிடையாது. நாற்றம் தருவன நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கந்தகச் சேர்மங்களே. மணமற்ற இவ்விரண்டும் தீப்பற்றுபவை. 1979இல் பிரான்சில், குடலைத் துப்புரவு செய்ய மானிடால் என்னும் சர்க்கரைப் பொருளைக் குடித்திருந்த நோயாளிக்கு மின்கம்பியால் குடற்கட்டியை அகற்றும்போது உள்ளே ஹைட்ரஜன் வெடித்து உயிர் போனது. அதன் பின்னரே அத்தகைய சிகிச்சைகளுக்கு மானிடால் கைவிடப்பட்டது. எண்ணெய்க் கிடங்குகளை அடுத்து வாழும் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். அரிசி, பருப்பு, வெந்தயம், பூண்டு, வெங்காயம், தேங்காய்ப் பால் என்று நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் காய்ச்சப்படும் இக்கஞ்சியில், பருப்பிலும் வெந்தயத்திலும் உள்ள சில சர்க்கரைத் தொடர்களை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. பூண்டு, வெங்காயத்தின் மாவுப்பொருளுக்கும் அதே நிலை. அவை செரிக்காமல் பெருங்குடலை அடைந்து நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. தராவீஹ் தொழுகையின்போது வயிறு கடமுடவென்று இரைவதற்கு இதுவே காரணம், இது நோயன்று. அந்தப் புளிப்பில் வாயுவோடு குறுங்கொழுப்பு அமிலங்களும் உண்டாகின்றன. பெருங்குடற் சுவரின் உயிரணுக்களுக்கு அவையே உணவு. இவ்வுண்மையைக் கொண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.இராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஒரு சோதனை செய்தனர். உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவையும் சேர்த்துக் கொடுத்தபோது வயிற்றுப்போக்கு விரைவில் தணிந்தது. 2000இல் வெளியான இவ்வாய்வு, வாயு பிறக்கும் அதே உலைக்களம் உயிர்காக்கும் மருந்தாகவும் பயன்படும் எனக் காட்டிற்று.

அளவையின் வரலாறு விண்வெளியில் தொடங்கியது என்பது வியப்பாகத் தோன்றலாம். மூடிய விண்கலத்தில் மனிதக் குடலின் ஹைட்ரஜனும் மீத்தேனும் சேர்ந்தால் தீவிபத்து நேருமோ என்ற அச்சத்தினால், 1960களில் அமெரிக்காவின் டோரிஸ் கேலவே விண்வெளி உணவை உண்டவர்களின் வாயுக்களை அளந்தார். 1969இல் மைக்கேல் லெவிட் அடிப்படையான ஓர் உண்மையை நிலைநாட்டினார். மனித உயிரணு எதுவும் ஹைட்ரஜனை ஆக்குவதில்லை. அதனை ஆக்குபவை குடல் நுண்ணுயிர்களே. அதில் ஒரு பங்கு குருதியில் கரைந்து, நுரையீரல் வழியே மூச்சில் வெளிப்படுகிறது. ஆகவே குடலில் நடப்பதை மூச்சில் படிக்கலாம்.

சோதனை எளிது. முன்னிரவு நார்ச்சத்துக் குறைந்த உணவை உண்டு, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடிருந்து, காலையில் 25 கிராம் பாற்சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வேண்டும்; அது ஏறத்தாழ அரை லிட்டர் பசும்பாலில் உள்ள அளவு. பின்னர் மூன்று மணி நேரம், அவ்வப்போது கருவியில் ஊத வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. புகையிலும் ஹைட்ரஜன் உண்டு. மூச்சின் ஹைட்ரஜன் தொடக்க அளவைவிடப் பத்து இலட்சத்தில் 20 பங்கு ஏறினால், பாற்சர்க்கரை செரிக்கவில்லை என்று பொருள். இக்குறை நம்மிடையே அரிதன்று. 1981இல் வெளியான ஆய்வொன்று, புதுச்சேரி, திருவனந்தபுரம் மையங்களில் 66.6 விழுக்காட்டினருக்கும், தில்லியில் 27.4 விழுக்காட்டினருக்கும் பால் ஒவ்வாமையைக் கண்டது. வயிற்றுப் புண்ணுக்குப் பால் குடியுங்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்த அறிவுரை, தென்னாட்டு வயிறுகள் பலவற்றுக்குப் பொருந்தாது. தயிரும் மோரும் அவர்களுக்கு இலகுவாய்ச் செரிக்கும்.

இனி லெவிட் குழுவினரின் மற்றோர் ஆய்வு. எமது கருத்தில் இத்துறையின் தலையாய செய்தி இதுவே. வாயுத் தொல்லை என்று முறையிட்டவர்களின் குடலுக்குள் குழாய் வழியே ஆர்கான் வாயுவைச் செலுத்தி, உள்ளிருந்த வாயு முழுவதையும் வெளியேற்றி 1975இல் அளந்தனர். நலமானவர்களின் வாயுவைவிட அவர்களுடையது மிகுந்திருக்கவில்லை. இரு சாராருக்கும் 200 மில்லிலிட்டரை ஒட்டியே இருந்தது. வேறுபட்டது குடலின் அசைவும், அது உணரும் கூர்மையும். அவர்கள் வலி பொய்யன்று. அதற்குச் சூட்டிய பெயர்தான் பொய். தொழுகையில் வயிற்றினுள் ஏதோ அசைந்ததாகத் தோன்றும் ஐயத்தினால் ஒளு முறிவதில்லை, ஓசையோ நாற்றமோ அறியப்பட வேண்டும் என்னும் ஃபிக்ஹு விதியை நம் வாசகர் அறிவர். தோற்றம் வேறு, சான்று வேறு என்பது நமக்குப் புதிய பாடமன்று.

அளவு சான்றாகும் இடங்கள் உள்ளன. பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூச்சில் மீத்தேன் காணப்படுகிறது. நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் ஒரு கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு இதனை ஆக்கும் தொன்மையான நுண்ணுயிரி குடலோட்டத்தைத் தாமதப்படுத்துவதால், நாட்பட்ட மலச்சிக்கலோடு இதற்குத் தொடர்பு காணப்பட்டுள்ளது. பெருங்குடலில் வாழ வேண்டிய நுண்ணுயிர்கள் சிறுகுடலில் பெருகிவிட்டால், குளுக்கோஸ் குடித்த 90 நிமிடங்களுக்குள்ளாகவே ஹைட்ரஜன் ஏறும். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியை, அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கச் செய்து, மூச்சின் கார்பன் டை ஆக்சைடில் கண்டுபிடிக்கின்றனர். இம்மூன்றில் மிக நம்பகமானது இதுவே. ஹைட்ரஜன் சோதனையோ ஏமாற்றவும் வல்லது. உணவு விரைந்தோடிப் பெருங்குடலை முன்னதாக அடைந்தாலும் எண் ஏறும். உதய் கோஷல் முதலானோர் இதனைப் பலகாலமாக எச்சரித்து வருகின்றனர். ஹைட்ரஜன் சல்பைடுக்கும் குடற்புண் அழற்சிக்கும் உள்ள உறவு இன்னும் முடிவாகவில்லை.

மூச்சு, தொலைவிலிருந்து வரும் செய்தி. நேரே உள்ளே சென்று அளக்க, ஈரானில் பயின்று ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் குரூஷ் கலந்தர்ஸாதே குழுவினர் விழுங்கத்தக்க மின்னணு மாத்திரை ஒன்றை ஆக்கி 2018இல் ஆய்வை வெளியிட்டனர். 26 மில்லிமீட்டர் நீளமுள்ள அம்மாத்திரை, குடல் வழியே செல்லும்போதே ஆக்சிஜன், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு அளவுகளை வெளியிலுள்ள கருவிக்கு அனுப்பியது. ஆக்சிஜன் குறையும் இடத்தைக் கொண்டு அது எந்தக் குடலில் இருக்கிறதென்றும் அறியலாயிற்று.

அந்த நாட்டின் மண்ணில்தான், 1037இல் ஹமதானில், இப்னு சீனா காலமானார். அவரை வீழ்த்தியது குலஞ்சு எனும் குடல்வலி. அந்நோய் பற்றித் தனி நூலே இயற்றியவர் அவர். காற்றினால் வரும் குலஞ்சை ஒரு வகையாகப் பிரித்தவர். குலஞ்சு வலியையும் சிறுநீரகக் கல்லின் வலியையும் வேறுபடுத்தும் குறிகளை வகுத்தவர். விரைவில் குணமடைய வேண்டி ஒரே நாளில் எட்டு முறை எனிமா எடுத்துக்கொண்டதில் குடல் புண்ணானது என்று அவர் மாணவர் ஜூஸ்ஜானி எழுதிவைத்தார். அவரது மரபின் யூனானி ஆய்வு நிலையம் ஒன்று இன்று இராயபுரத்தில் இயங்குகிறது. வலிகள் அனைத்தையும் ஒரே பெயரில் அடைக்கலாகாது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்பித்த மரபு அது.

அப்படி அடைப்பதன் விலை பெரிது. இதயத்தின் அடிப்புறச் சுவருக்குக் குருதி தடைப்படும்போது, வலி பலவேளை மேல்வயிற்றில் தோன்றுகிறது. குமட்டலும் ஏப்பமும் உடன்வருகின்றன. துறைமுகத்தில் சுமை தூக்குபவரும், காசிமேட்டில் வலை இழுப்பவரும், மண்ணடியில் கடை நடத்துபவரும் அதனை வாயு என்றெண்ணி ஒரு சோடாவோ ஓமநீரோ குடித்துப் படுத்துவிடுகின்றனர். ஏப்பம் வந்து சற்றே இலகுவானால் அது வாயுதான் என்று உறுதி கொள்கின்றனர். ஏப்பம் எதற்கும் சான்றன்று. வேர்வையோடு கூடிய வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நடந்தால் கூடும் வலி ஆகியவற்றை முதலில் இதயத்தின் கணக்கில் வைத்தல் வேண்டும். அவ்வாறே, உடல் மெலிவு, மலத்தில் இரத்தம், நடுவயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் வயிற்று உப்பசம் ஆகியவை குடற்காசமாகவோ புற்றாகவோ இருக்கக்கூடும். அவற்றை எந்த மூச்சுக் கருவியும் காட்டாது.

ஹைட்ரஜன் சோதனை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதில்லை. இசிஜி அவ்வாறன்று. வடசென்னையார் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவு பகலாய்த் திறந்திருக்கிறது. நெஞ்சு வலியோடு வருபவருக்கு, வந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுள்ள வழிகாட்டுதல். முதற்பதிவு சரியாக இருந்து வலி நீடித்தால் மீண்டும் எடுப்பர். ட்ரோபோனின் என்னும் இரத்தச் சோதனையும் செய்வர்.