உரக்கப் படிக்கும் செயலி: பேராக் தமிழ்ச் செவிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

எழுத்திலுள்ள உரையை ஒலியாக்கித் தரும் மென்பொருள் உரை-ஒலி மாற்றி எனப்படும். 2001ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 'திருக்குறள்' என்னும் பெயரில் இத்தகைய மென்பொருள் ஒன்றை விளக்கினர். இன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனிக் குரல்களை இணையவழி வழங்குகிறது. மலேசியக் குரல்களுக்குக் கனி, சூர்யா என்பன பெயர்கள். ஆயினும் குரல் கிடைத்த அளவில் வாசிப்புச் செயலி நிறைவடைந்துவிடுவதில்லை. அக்குரலைக் கேட்பவர் எவ்வாறு ஆள்கிறார் என்பதே பயன்பாட்டு வடிவமைப்பின் முதன்மை வினா. பேராக் மாநிலத்தின் முன்னாள் ரப்பர் தோட்ட மக்களை முன்வைத்து இவ்வினாவை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

1. கேட்பவரின் உரிமைகள்

எழுத்தறிந்த ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பது தோட்டப்புற வழக்கம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன 'தமிழ் நேசன்' போன்ற இதழ்கள் படிக்கத் தெரியாதவரையும் இவ்வாறு சென்றடைந்தன. அவ்வவையில் கேட்பவர் வாளா இருந்தாரல்லர். படிப்பவரை நிறுத்தினார், விட்ட இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார், ஊர்ப்பெயர் பிழைத்தால் திருத்தினார். முதுமையால் கண்பார்வை குன்றியவருக்கு இவ்வுரிமைகளை மீட்டுத் தருவதே நல்ல செயலியின் இலக்கணம்.

அதற்கேற்பப் பொத்தான்களில் குறியீட்டுப் படங்களோடு 'படி', 'நிறுத்து', 'மறுபடி' என்னும் சொற்களும் பெரிய எழுத்தில் இருத்தல் வேண்டும். 'மறுபடி' என்பது பத்து நொடி பின்செல்லாமல், முந்தைய வாக்கியத்தின் தொடக்கத்திற்குச் செல்ல வேண்டும். கேட்பவர் தவறவிடுவது பொருளையே அன்றி நொடிகளை அன்று. வேகத்தைக் குறைக்குமிடத்தும் கவனம் தேவை. தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டும் வகுக்கிறது. ஒலிகளை மிகுதியாக நீட்டினால் 'படம்' என்பது 'பாடம்' எனக் கேட்கக்கூடும். ஆதலின் வாக்கியங்களுக்கு இடையிலான நிறுத்தத்தைக் கூட்டுவதே தக்கது.

2. எழுத்தும் ஒலியும்

தமிழ் எழுத்து வல்லின ஒலிகளின் வேறுபாட்டைப் பெரும்பாலும் இடம் நோக்கியே உணர்த்துகிறது. 'சம்பந்தன்' என்னும் பெயரில் பகரமும் தகரமும் மெல்லினத்தை அடுத்து வருதலின் மென்மையாக ஒலிக்கும். இவ்விதியை அறிந்த மென்பொருள் அப்பெயரைச் செம்மையாகப் படிக்கும். ஆனால் 'கோப்பேங்', 'பீடோர்' என்னும் ஊர்ப்பெயர்களில் மொழிமுதல் வல்லினமே மென்மையாக ஒலிக்க வேண்டும். அதனை உணர்த்தும் குறி எழுத்தில் இல்லை. 'பத்து காஜா' இன்னும் சிக்கலானது. மலாயில் கல், யானை எனப் பொருள்படும் அச்சொற்களின் முதலெழுத்துகள் இரண்டும் மென்மையாக ஒலிப்பவை. தமிழ் விதியின்படி படிக்கும் மென்பொருளோ முதற்சொல்லை எண்ணுப்பெயராகவே ஒலிக்கும்.

எண்களும் சுருக்கங்களும் இவ்வாறே இடர் தருவன. '1948இல்' என்பது 'நாற்பத்தெட்டு இல்' என்று பிரிந்து ஒலித்தால் செவிக்கு இடறும். 'நாற்பத்தெட்டில்' எனப் புணர்ந்தே ஒலிக்க வேண்டும். 'ம.இ.கா.' என்பதிலுள்ள புள்ளிகளை வாக்கிய முடிவாகக் கொண்டு மும்முறை நிறுத்துவதும் பிழையாம்.

3. செவியால் திருத்துதல்

எல்லாப் பெயர்களையும் மென்பொருள் முன்னரே அறிந்திருத்தல் இயலாது. ஆகவே திருத்தும் வழி பயனர் கையில் இருத்தல் வேண்டும். இங்கு ஒரு தடை எழுகிறது. சரியான ஒலியை எழுதிக் காட்டுமாறு பயனரைக் கேட்பது பயனற்றது. அவ்வொலிக்குத் தமிழில் தனி எழுத்தில்லை என்பதனாலேயே சிக்கல் எழுந்தது. மாறாக, பிழைத்த சொல்லைப் பயனர் அழுத்திப் பிடித்ததும் செயலி இரண்டு மூன்று ஒலிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக் காட்டலாம். பயனர் செவியால் தேர்ந்தெடுப்பார். அத்தேர்வு பேசியிலேயே பதிந்து, அடுத்த முறை தானே பயன்படும். எழுதத் தயங்கும் முதியவரும் இதனைச் செய்ய இயலும்.

முடிவுரை

1950, 60களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களை நிலவுடைமையாளர்களாக்க முயன்றார். எனினும் பல தோட்டங்கள் மறைந்தன. தொழிலாளர்கள் தமக்குள் வழங்கிய தோட்டப் பெயர்கள் முதியோர் நாவிலேயே எஞ்சியுள்ளன. தம் ஊரின் பெயரைத் தவறாகச் சொல்லும் குரலை அவர்கள் அயற்குரலாகவே கொள்வர். பேராக் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு இப்பெயர்களை அம்முதியோர் குரலிலேயே பதிவு செய்து ஒலிப்பகராதியாகத் தொகுப்பார்களாயின், அது செயலிக்கு உறுதுணையாகும். மறைந்த தோட்டங்களுக்கு ஓர் ஆவணமுமாகும். சொல்வோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும்.