கைப்பேசிக்குள் ஒரு ரயில் ஜன்னல்

ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தண்டவாளத்தை ஒட்டிய மின்கம்பங்கள் விர்ரென்று பின்னோக்கி ஓடுகின்றன. அப்பாலுள்ள வயல்கள் சற்று நிதானமாக நகர்கின்றன. தொலைவிலுள்ள மலையோ நம்முடனேயே வருவதுபோல் தோன்றுகிறது. இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். மெதுவாக நகர்வது தொலைவில் உள்ளது என்று நம் மூளை முடிவு கட்டிவிடுகிறது.

இந்தப் பழக்கத்தைக் கொண்டே மூளையை ஏமாற்றவும் முடியும். 1937-ல் வால்ட் டிஸ்னியின் கூடத்தில், கண்ணாடித் தகடுகளில் காட்சிகளை வரைந்து, அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு வேகத்தில் நகர்த்திப் படம் பிடித்தார்கள். தட்டையான திரையில் ஆழம் தெரிந்தது!

இதையே கைப்பேசிச் செயலியிலும் செய்யலாம். ஃபிளட்டர் என்ற மென்பொருள் கருவியில் ஒருமுறை நிரல் எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்கும். அருவிப் படங்களை வரிசையாகக் காட்டும் செயலி ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படத்துக்கும் 200 புள்ளி உயரமுள்ள சட்டம். படத்தின் உயரமோ 300 புள்ளி. மிச்சமுள்ள 100 புள்ளி சட்டத்துக்கு வெளியே மறைந்திருக்கும். இதுதான் சூட்சுமம், படமும் 200 புள்ளியே இருந்தால், நகர்த்தியதும் ஓரத்தில் வெற்றிடம் பல்லிளிக்கும்.

விரலால் தள்ளும்போது சட்டம் திரையின் அடியிலிருந்து உச்சிக்கு 800 புள்ளி ஏறுகிறது என்போம். அதற்குள் படத்தைச் சட்டத்துக்குள்ளேயே 100 புள்ளி கீழே இறக்குகிறோம். ஆக, படம் ஏறியது 700 புள்ளிதான். சட்டத்தைவிட மெதுவாக நகர்வதால் படம் பின்னால் தள்ளி இருப்பதாகத் தோன்றும். அஞ்சலட்டையில் ஒரு சதுரம் வெட்டி, நாட்காட்டிப் படத்தின் மேல் வைத்து உயர்த்திப் பாருங்கள். முதலில் அருவியின் அடிவாரம், பிறகு உச்சி தெரியும்.

கணக்கு எளிது, நேரம்தான் போதாது. பல கைப்பேசிகள் வினாடிக்கு 60 முறை திரையைப் புதிதாக வரைகின்றன. ஒரு முறைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16 மில்லி வினாடி. ஒவ்வொரு முறையும் சட்டத்தின் இடத்தை அளந்து, எல்லாவற்றையும் மறுபடி அடுக்கி, பிறகு வரையச் சொன்னால் படம் ஓர் அடி பின்தங்கித் தடுமாறும். ஆகவே ஃபிளட்டரில் ‘ஃப்ளோ’ என்ற உறுப்பைப் பயன்படுத்துகிறார்கள். அது மறுபடி அடுக்குவதில்லை. வரையும் நேரத்தில் படத்தை மட்டும் தள்ளி வைக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உடல் அசையாமலிருக்க, கண்முன் காட்சி மட்டும் அசைந்தால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டலும் வரும். கண் சொல்வதும் உட்செவி சொல்வதும் ஒத்துப்போகாததே காரணம். அவர்களுக்காகக் கைப்பேசியின் அமைப்புகளில் அசைவைக் குறைக்கும் வசதி உண்டு. உங்கள் நிரல் முதலில் அதைப் பார்க்கட்டும். அது இயக்கப்பட்டிருந்தால் அந்த 100-க்குப் பதிலாகப் பூஜ்யம் என்று போடுங்கள். படம் சட்டத்தோடு ஒட்டியே நகரும். அருவியும் வழக்கம்போல் தெரியும்.