கருப்புப் பாறையின் கஞ்சத்தனம்

குஜராத்தின் எண்ணெய்க்குப் பிறப்பிடமான காம்பே ஷேல் படிவத்திலிருந்து நேரடியாகவே எரிவாயு எடுத்துவிடலாம் என்ற கனவு, பாறையின் குணத்தில் மோதி நிற்கிறது.

சூரத்துக்கு வடகிழக்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள வஸ்தான் சுரங்கத்தில் தேடப்பட்டது பழுப்பு நிலக்கரி. அதை எட்டுவதற்குள் இயந்திரங்கள் அள்ளி ஓரமாகக் கொட்டியது கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை. சுரங்கக்காரர்களுக்கு அது வெறும் இடைஞ்சல். விஞ்ஞானிகளுக்கோ புதையல். குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் தூரத்து உறவான, 5 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஒரு விலங்கின் எலும்புகள் அங்கே கிடைத்தன. 2005-ல் அதற்கு வைத்த பெயர் காம்பேதீரியம். 2010-ல் வெளியான இன்னொரு ஆய்வு, அங்கிருந்து எடுத்த சுமார் 150 கிலோ அம்பருக்குள் 700-க்கும் மேற்பட்ட பூச்சிகளும் அவற்றின் உறவினங்களும் சிக்கியிருப்பதைச் சொன்னது. அம்பர் என்றால் இறுகிப்போன மரப்பிசின். குங்கிலிய மரக் குடும்பத்தைச் சேர்ந்த மரங்கள் அன்று வடித்த பிசின் அது.

காம்பேதீரியத்துக்குப் பெயர் தந்தது அது புதைந்திருந்த பாறைதான்: காம்பே ஷேல். காம்பே என்பது இன்றைய கம்பாத் நகரின் ஆங்கிலேயர் காலத்துப் பெயர். வஸ்தானில் தெரிவது இந்தப் படிவத்தின் கரையோர விளிம்பு மட்டுமே. அங்கிருந்து மேற்கே போகப் போகப் பாறை கீழே இறங்குகிறது, பருக்கிறது. பரூச், கம்பாத், அகமதாபாத், மேசானா சமவெளிகளின் அடியில் சுமார் 2 கி.மீ. முதல் 5 கி.மீ. வரை ஆழத்தில், 500 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரை கனத்தில் அது படுத்திருக்கிறது. மேலே பருத்தி வயலும் ரசாயன ஆலைகளும். கீழே, இந்திய எண்ணெய்த் துறையின் வரலாற்றைத் தொடங்கிவைத்த பாறை.

சுதந்திர இந்தியாவில் எண்ணெய் என்றால் அசாம் மட்டும்தான் என்றிருந்த நிலையை மாற்றியது குஜராத். 1956-ல் ஆணையமாக உருவெடுத்த ஓ.என்.ஜி.சி.க்கு 1958-ல் கம்பாத் அருகே லூனேஜில் முதல் வெற்றி கிடைத்தது. 1960-ல் அங்க்லேஷ்வர். அடுத்து கலோல், மேசானா, பின்னர் காந்தார் என்று வயல்கள் வரிசை கட்டின. இந்தக் கிணறுகள் எண்ணெயை எடுத்தது பெரும்பாலும் மணற்கல் அடுக்குகளிலிருந்து. ஆனால் எண்ணெய் உருவான இடம் அந்த மணற்கல் அல்ல. அதற்குக் கீழே கிடக்கும் காம்பே ஷேல். மணற்கல் குடம் என்றால் ஷேல்தான் ஊற்று.

ஊற்று உருவான கதை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. தக்காணத்தை எரிமலைக் குழம்பு மூடிய காலம் அது. அதையொட்டி மேற்கு இந்தியாவின் மேலோடு பிளந்து, வடக்கு தெற்காக ஒரு நீண்ட பள்ளம் விழுந்தது. இறுகிய எரிமலைப் பாறைதான் பள்ளத்தின் தரை. ஆழம் கூடக் கூடக் கடல் உள்ளே புகுந்தது. சுற்றியிருந்த மேட்டு நிலங்களிலிருந்து ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கொட்டின. சேற்றோடு இலை, மரம், கடல் பாசி எல்லாம் அடியில் தங்கின. அடியில் பிராண வாயு குறைவு என்பதால் அவை முழுதாக அழுகி ஒழியவில்லை. மேலே மேலே வண்டல் ஏறி அழுத்தியதும் சேறு கல்லானது, உள்ளிருந்த உயிர்ச்சத்து வெந்தது. பொதுவாக 60 டிகிரி வெப்பத்துக்கு மேல் எண்ணெய் பிறக்கும். 120, 150 டிகிரியைத் தாண்டினால் வாயு. காம்பே பள்ளத்தில் மேலோடு மெலிந்திருப்பதால் பூமியின் உள்வெப்பம் வழக்கத்தைவிட வேகமாக மேலேறுகிறது. வயதில் இளைய இந்தப் பாறை இவ்வளவு சீக்கிரம் வெந்ததற்கு அந்த அடுப்புதான் காரணம்.

உருவான எண்ணெயில் ஒரு பகுதி பிதுங்கி மேலேறி மணற்கல்லில் போய்த் தங்கியது. மீதி? அது ஷேலுக்குள்ளேயே கிடக்கிறது. இது புவியியலாளர்களுக்குப் பழைய செய்தி. அகமதாபாத்துக்கு வடக்கே இந்த்ரோரா பகுதியில், இயற்கையாகவே விரிசல் விட்டிருந்த ஷேலிலிருந்து கொஞ்சம் எண்ணெய் வந்ததும் உண்டு. ஆனாலும் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் இந்தப் பாறையை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. பல கிணறுகள் அதன் தலையைத் தொட்டதுமே நின்றுவிட்டன. ஊடுருவிப் போக வேண்டியிருந்த இடங்களில் கிணற்றுச் சுவரைச் சரியவிட்டு உபத்திரவம் கொடுக்கும் பாறை என்றுதான் அதற்குப் பெயர்.

இந்த அலட்சியத்தை மாற்றியது டெக்சாஸ். அங்கே ஜார்ஜ் மிட்செல் என்ற எண்ணெய்த் தொழிலதிபர், பார்னெட் ஷேல் என்ற பாறையை 1981-ல் துளைக்க ஆரம்பித்தார். கூடவே இருந்தவர்கள்கூடப் பணத்தைக் குழியில் கொட்டுவதாகத்தான் நினைத்தார்கள். 17 ஆண்டுகள் முயன்று 1998-ல் அவரது பொறியாளர்கள் வழி கண்டார்கள். விலையுயர்ந்த கூழ்களுக்குப் பதிலாக, வழுக்கும் ரசாயனம் சிறிதளவு சேர்த்த தண்ணீரையும் மணலையும் பயங்கர அழுத்தத்தில் செலுத்தினால் பாறை பிளந்தது. பிளவு மூடிக்கொள்ளாமல் மணல் முட்டுக்கொடுத்தது. பின்னர் கிணற்றைப் பாறைக்குள் கிடைமட்டமாகத் திருப்பி ஓட்டும் முறையும் சேர்ந்துகொள்ள, ஷேல் யுகம் பிறந்தது. அமெரிக்காவின் இயற்கை எரிவாயுவில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இன்று ஷேலிலிருந்து வருகிறது.

டெல்லிக்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேலும் எரிவாயுவில் ஏறக்குறைய பாதியும் இறக்குமதி செய்யும் நாடு இது. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் துர்காபூர் அருகே இச்சாபூரில் ஓ.என்.ஜி.சி. தோண்டிய ஆய்வுக் கிணற்றில், சுமார் 1,700 மீட்டர் ஆழத்து ஷேலிலிருந்து வாயு வந்தது. நிலக்கரி இல்லாததால் முற்காலப் புவியியலாளர்கள் 'பேரன் மெஷர்ஸ்', அதாவது மலட்டுப் படிவம் என்று பெயர் வைத்துவிட்டுப் போன பாறை அது. மலட்டுப் பாறையே வாயு தருகிறதென்றால் காம்பே எவ்வளவு தராது!

கணக்குகள் பறந்தன. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013-ல் இந்தியாவில் எடுக்கக்கூடிய ஷேல் வாயு 96 லட்சம் கோடி கன அடி என்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை, மூன்று படுகைகளை ஆராய்ந்து 6.1 லட்சம் கோடி கன அடி என்று சொல்லியிருந்தது. ஓ.என்.ஜி.சி. ஐந்து படுகைகளுக்குப் போட்ட கணக்கு 187.5 லட்சம் கோடி. எடுத்துக்கொண்ட படுகைகளும் வேறு, அளவுகோல்களும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் இந்தியா இப்போது ஆண்டுக்கு எரிக்கும் வாயு 2 லட்சம் கோடி கன அடிக்குச் சற்று மேல். ஒரு கணக்குப்படி 40 ஆண்டுக்குத் தாங்கும் சரக்கு, இன்னொரு கணக்குப்படி மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தீர்ந்துவிடும். நம்பிக்கையாளர்கள் எந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2013 அக்டோபரில் மத்திய அரசு ஷேல் கொள்கையை அறிவித்தது. முதல் கட்டத்தில் ஓ.என்.ஜி.சி.க்கு 50 வட்டாரங்கள். அவற்றில் 28 காம்பே படுகையில். கிருஷ்ணா-கோதாவரியில் 10, காவிரிப் படுகையில் 9, அசாம் பக்கம் 3. அதே மாதம் பரூச் மாவட்டம் ஜம்பூசரில் முதல் ஷேல் கிணறு தொடங்கியது.

பிறகுதான் பாறை தன் சுபாவத்தைக் காட்டியது.

உயிர்ச்சத்து என்ற முதல் பரிட்சையில் காம்பே ஷேல் தாராளமாகவே தேறுகிறது. எடையில் 2 சதவீதம் கரிமச் சத்து இருந்தாலே நல்ல ஷேல் என்பார்கள். இங்கே பொதுவாக 2 முதல் 4 சதவீதம். கனத்துக்கும் பஞ்சமில்லை. அடுத்தது வெந்த பதம். பாறைக்குள் இருக்கும் கரித்துணுக்கை மெருகேற்றி, அது எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று நுண்ணோக்கியில் அளப்பார்கள். அளவு 0.6 சதவீதத்தைத் தொட்டால் எண்ணெய்ப் பதம், 1.3-ஐத் தாண்டினால் வாயுப் பதம். வெல்லப் பாகு மாதிரிதான், பதம் தவறினால் பண்டம் வேறு. காம்பே படுகையின் பெரும்பகுதி எண்ணெய்ப் பதத்திலேயே நிற்கிறது. வாயுப் பதம் இருப்பது ஆழமான பள்ளங்களில்தான். ஆழத்துக்குப் போனால் செலவும் கூடவே இறங்குகிறது.

எண்ணெய் கிடைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றலாம். இங்கேதான் பாறையின் கஞ்சத்தனம் தெரியும். ஷேலின் துளைகளை நானோமீட்டரில் அளக்க வேண்டும். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால் நுணுக்கம் புரியும். ஒரு நல்ல மணற்கல்லில் எண்ணெய் ஓடும் வசதியோடு ஒப்பிட்டால் ஷேலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மீத்தேன் மூலக்கூறு மிகச் சிறியது, எப்படியோ நெளிந்து வெளியே வந்துவிடும். அதிலும் கணிசமான வாயு துளைகளில் சும்மா நிற்பதில்லை. கரிமச் சத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அழுத்தம் இறங்க இறங்கத்தான் விடுபடும். எண்ணெய் மூலக்கூறோ பெரியது. அதிலும் காம்பே எண்ணெயில் மெழுகு அதிகம். அந்த இடுக்கில் அது நகர்வது பாடு.

அப்படியானால் பாறையை உடைக்க வேண்டும். உடைவதற்குப் பாறை மொறுமொறுப்பாக இருக்க வேண்டும். 30 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய பார்னெட் ஷேலில் படிகக்கல், அதாவது குவார்ட்ஸ், நிறைய உண்டு. அந்தக் காலக் கடலின் நுண்ணுயிர்களும் கடற்பஞ்சுகளும் விட்டுச்சென்ற சிலிக்கா அதில் பெரும் பங்கு. அழுத்தினால் கண்ணாடி போல் பல கிளையாகப் பிளக்கும். காம்பே ஷேலுக்கு வந்த சேற்றில் கணிசமான பங்கு தக்காண எரிமலைப் பாறை கரைந்து வந்தது. அந்தப் பாறையில் குவார்ட்ஸ் இல்லை, கரைந்தால் மிஞ்சுவது களிமண். கரிசல் மண்ணைத் தந்த அதே பாறை. கரிசல் எப்படி மழையில் உப்பும் என்பது விவசாயிக்குத் தெரியும். களிமண் மிகுந்த ஷேலில் அழுத்தம் கொடுத்தால் பிளப்பதற்குப் பதில் நசுங்கிக் கொடுக்கிறது. பிளந்தாலும் முட்டுக்கொடுக்கும் மணல் பாறைக்குள் அமுங்கி, விரிசல் மெல்ல மூடிக்கொள்கிறது. செலுத்தும் தண்ணீரை உறிஞ்சிக் களிமண் உப்பினால் இருக்கும் வழியும் அடைபடும்.

விஷயம் தெரிந்தவர்கள் அதனால் ஷேலைவிட அதனுடன் ஒட்டிக் கிடக்கும் வண்டற்கல் அடுக்குகளைக் குறிவைக்கிறார்கள். 2014-ல் ஆஸ்திரேலியாவின் ஆயிலெக்ஸ் நிறுவனம் காம்பே வயலில் கிடைமட்டக் கிணறு ஓட்டிப் பல கட்டமாக விரிசல் உண்டாக்கியது அத்தகைய அடுக்கில்தான்.

பாறை ஒத்துழைத்தாலும் தரைக்கு மேல் வேறு கேள்விகள் காத்திருக்கின்றன. ஷேல் கிணற்றின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் விழுந்துவிடும். உற்பத்தியைத் தக்கவைக்க அடுத்தடுத்துக் கிணறு தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த பரந்த நிலமும், நிலத்துக்கு அடியில் உள்ளதையும் சொந்தம் கொண்டாடும் நில உடைமையாளரும் இருந்ததால் டெக்சாஸில் அது நடந்தது. அங்கே காலடியில் வாயு கிடைத்தால் விவசாயிக்கு அதிர்ஷ்டம். இந்தியாவில் அடியில் கிடப்பது அரசின் சொத்து, விவசாயிக்கு மிஞ்சுவது லாரிப் புழுதி. ஒரு கிணற்றைப் பிளக்க ஒரு கோடி லிட்டரும் அதற்கு மேலும் தண்ணீர் தேவைப்படலாம். வட குஜராத்தின் மேசானாவில் ஆழ்குழாய்க் கிணறுகள் பல நூறு அடி இறங்கியும் நிலத்தடி நீர் கைக்கெட்டாமல் நழுவுவது ஊரறிந்த சங்கதி. உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கு உப்பும் ரசாயனமுமாகத் திரும்பி வரும். அதை எங்கே விடுவது என்பது அடுத்த தலைவலி.

காவிரிப் படுகையில் இந்தக் கேள்விகள் அரசியலாகவே வெடித்தன. 2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களோடு ஷேல் வாயுவையும் பெயர் சொல்லித் தடுத்தது. குஜராத்தில் அப்படியொரு தடை வேண்டியிருக்கவில்லை. பாறையே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. 2018-ல் தனியார் ஒப்பந்ததாரர்களும் தங்கள் வட்டாரங்களில் ஷேலைத் தேடலாம் என்று மத்திய அரசு கதவைத் திறந்துவிட்டது. அதன் பிறகும் வணிக அளவில் ஷேல் வாயு இந்தியாவில் எங்கும் உற்பத்தியாகவில்லை.

திறந்த கதவு வழியாக வேறொன்று வந்தது. அமெரிக்காவில் ஷேல் வாயு மலிந்ததும் அதைக் குளிரவைத்துத் திரவமாக்கி விற்க ஆரம்பித்தார்கள். லூசியானாவின் சபைன் பாஸ் முனையத்திலிருந்து 20 ஆண்டுகளுக்கு வாங்க கெயில் நிறுவனம் 2011 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டது. அதன்படி முதல் கப்பல் 2018 மார்ச்சில் மகாராஷ்டிரத்தின் தாபோலுக்கு வந்து சேர்ந்தது.

நாட்டின் மிகப் பெரிய திரவ எரிவாயு இறக்குமதி முனையம் தாபோல் அல்ல. 2004-ல் இயங்கத் தொடங்கிய தஹேஜ். பெரும்பாலும் கத்தாரிலிருந்து வரும் கப்பல்கள் அங்கே சரக்கை இறக்குகின்றன. தஹேஜ் இருப்பது கம்பாத் வளைகுடாவின் ஓரம், பரூச் மாவட்டத்தில். ஓ.என்.ஜி.சி. முதல் ஷேல் கிணற்றைத் தோண்டிய ஜம்பூசரும் அதே மாவட்டம்தான்.