ஓதம் ஏறும் சுவருக்கு எந்தச் சட்டம்?

ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு ஊர் ஊராக வேன் பிடித்து வருகிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்து அருவிகளைப் பெருக்கும் அதே தென்மேற்குக் காற்றும் சாரலும்தான் அச்சன்புதூர், வடகரை, பண்பொழி வீடுகளின் மேற்குச் சுவர்களிலும் வந்து மோதுகின்றன. மேக்கரை அடவிநயினார் அணை நிரம்பினால் அனுமன் நதிப் பாசனத்தில் ஊருக்கே சந்தோஷம். அந்த வாரங்களில் ஒரு பழைய வீட்டின் அரங்குக்குள் போய், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். சாம்பலும் பச்சையுமாக வட்டங்கள். நடுவில் கருத்து, ஓரத்தில் வெளிறி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து படர்ந்திருக்கும். விரலால் தொட்டால் பொடி ஒட்டும். மடித்து வைத்த பட்டுப்புடவையிலும் தோல் செருப்பிலும் அதே பூசணம், அதே மக்கல் வாடை.

அந்தப் பொடியில் இருப்பவை பூஞ்சையின் வித்துகள். வீடுகளில் அதிகம் காணப்படுபவை கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் இனங்கள். பல ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகளின் குறுக்களவு 2 முதல் 5 மைக்ரான்தான்; மூச்சோடு நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய அளவு. அவை எந்நேரமும் காற்றில் மிதக்கின்றன, அவற்றைத் தடுக்க வழியில்லை. பெயின்ட்டில் கலந்திருக்கும் பசைப்பொருள், தூசி, மரம், தோல் எல்லாமே பூஞ்சைக்கு உணவு. நம் ஊர் வெப்பநிலையும் அதற்குத் தோதானது. மீதி வேண்டியது நீர் மட்டும். சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் சில நாள் தொடர்ந்து 80 சதவீதத்தைத் தாண்டினால் வித்து முளைத்துவிடும். பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டமே இல்லை, சுவரும் குளிர்ந்திருக்கிறது. அதனால்தான் முதல் வட்டம் அங்கே விழுகிறது.

நீர் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு போடாத வீட்டில், செங்கலின் நுண்துளைகள் வழியே மண்ணின் ஈரம் மேலே ஏறுகிறது. சாரல் விடாத நாளில் வீட்டுக்குள் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம். அந்த நீரும் அறைக் காற்றில்தான் சேர்கிறது. சமையல் எரிவாயுவை யாரும் நினைப்பதில்லை. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது சுமார் 22 லிட்டர் தண்ணீரை ஆவியாக அடுக்களைக்குள் விட்டிருக்கும். புகைபோக்கியோ எக்சாஸ்ட் விசிறியோ இல்லாவிட்டால் அது எங்கே போகும்?

பழைய வீடுகளில் சுண்ணாம்பு ஓரளவு காவல் காத்தது. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை 12 பி.எச். அளவில் இருக்கும், பூஞ்சை அதில் தலையெடுக்க முடியாது. மாதக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி அந்தக் காரம் தணிந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் வெள்ளையடிப்பு தேவைப்பட்டது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமல் வெளியே விடவும் செய்யும். ஓதம் ஏறிய சுவரின்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பவர்கள் அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். அடுத்த சாரலில் பெயின்ட் கொப்பளித்து உரிவதும், அடியில் பூசணம் படர்ந்திருப்பதும் அதனால்தான்.

ஒரு பயத்தை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூகோர்மைகோசிஸை, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. சுவரில் தெரியும் கருப்புத் திட்டு அந்த நோய் அல்ல. அது வேறு பூஞ்சை. அந்த நோய் தாக்கியதும் பெரும்பாலும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் உள்ளவர்களையும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும்தான். சுவர்ப் பூஞ்சையின் தீங்கு மெல்ல வருவது: தீராத தும்மல், இருமல், வீசிங், ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் அது முற்றுவது. குழந்தைகளையும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களையும் அது அதிகம் படுத்தும்.

அப்படியானால் அரசு ஓர் அளவு வகுக்கக் கூடாதா? நிலக்கடலையில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறதே. அங்கே அளப்பது ஒரே வேதிப்பொருளை. வீட்டுக் காற்றிலோ பலவகைப் பூஞ்சைகள், மணிக்கு மணி மாறும் எண்ணிக்கை, ஆளுக்கு ஆள் மாறும் ஒவ்வாமை. கலிபோர்னியா 2001-இல் இதற்கென்றே சட்டம் இயற்றி, பாதுகாப்பான வரம்பைக் கண்டுபிடிக்கச் சொன்னது. அப்படி ஒரு வரம்பை அறிவியல்பூர்வமாக வகுக்க முடியவில்லை என்று அதன் சுகாதாரத் துறை 2005-இல் தெரிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் எண் எதுவும் தரவில்லை. ஈரத்தைத் தடு, பூஞ்சை தெரிந்தால் நீக்கு என்பதே அதன் சாரம். வித்துகளை எண்ணுவதை விட்டுவிட்டு ஈரத்தைக் கட்டுப்படுத்துவதே சட்டத்தின் வேலை. என் கருத்தும் இதுதான்.

இங்கிலாந்து அந்தப் பாதையில் போனது, ஓர் உயிரைக் கொடுத்த பிறகு. ராச்டேல் நகரில் வாடகைக் குடியிருப்பின் பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் 2017 முதலே புகார் சொல்லியிருந்தார்கள். வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்போ மேலே பெயின்ட் அடிக்கச் சொன்னது. அந்தக் குழந்தையின் பெயரிலான சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான குறை என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை. கடுமையான ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு, ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். வித்துக் கணக்கை அந்தச் சட்டம் கேட்பதில்லை, நாள் கணக்கைத்தான் கேட்கிறது.

நம்மிடம் வீட்டுப் பூஞ்சைக்கென்று தனிச் சட்டம் இல்லை. துண்டு துண்டாகச் சில உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவர் தன் செலவில் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். ஆனால் கொத்தனாரை வைத்து நாமே கட்டிக்கொள்ளும் வீடு அதில் வராது. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் கட்டுமானப் பழுதையும் வெள்ளையடிப்பையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைத்திருக்கிறது. வாய்ப்பேச்சில் வாடகைக்கு வந்தவர் அதை எப்படிக் கேட்பார்? வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதியில், வாசலைச் சேர்க்காமல், ஜன்னல் போன்ற திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது தேசியக் கட்டடக் குறியீடு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நம் அரங்கில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

அரசு உடனே கைவைக்கக்கூடிய இடம் அதன் சொந்தத் திட்டங்கள். ஊராட்சிகளில் கலைஞரின் கனவு இல்லம், பேரூராட்சிகளில் பிரதமரின் வீட்டுவசதித் திட்டம் என இரண்டிலும் பணம் கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படுகிறது. பேஸ்மட்டத்தில் ஈரத்தடுப்புப் பூச்சு இருக்கிறதா, மேற்குப் பக்க ஜன்னலுக்குச் சன்ஷேடு உண்டா, எதிரெதிரே காற்று வழி விட்டிருக்கிறார்களா என்பதைப் பார்த்த பிறகே தென்காசி மாவட்டத்தில் அடுத்த தவணைக்குப் பொறியாளர் கையெழுத்திடட்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் ஆணை போதும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு சொல். சுவரில் வட்டம் தெரிந்ததும் தேதியோடு படம் எடுத்து, வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் துடைத்தெடுங்கள். செத்த வித்தும் ஒவ்வாமை தரும் என்பதால் மருந்து தெளித்து விட்டால் மட்டும் போதாது. பீரோவை அரை அடி தள்ளிப் போடுங்கள். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தில் எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள். ஒழுகும் இடத்தை அடைக்காமல் மட்டும் பெயின்ட் அடிக்கச் சம்மதிக்காதீர்கள்.