சைனஸ் அழற்சியும் மூக்கில் வளரும் சதையும்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது நம் பெரியோர் மொழி. அந்த வரிசையில் மூக்கடைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். காலையில் அடுக்கடுக்காய்த் தும்மலும், ஓயாத கைக்குட்டையும், அடைத்த குரலுமாய் ஒரு மாணவியேனும் இல்லாத வகுப்பு அரிது. "அவளுக்கு எப்போதும் சளிதான்" என்று தோழியர் சிரிப்பர். வீட்டாரும் அப்படியே சொல்லி விட்டுவிடுவர். ஆனால் எப்போதும் சளி என்பது ஒருவருடைய இயல்பு அன்று. அது ஒரு நோயின் அடையாளம். அந்த நோய் எங்கே தோன்றுகிறது, ஏன் தோன்றுகிறது, அதை எப்படி அறிவது என்பதைச் சிறிது காண்போம்.

முகத்துக்குள் வெற்றறைகள்

நம் முக எலும்புகள் முழுவதும் கெட்டியானவை அல்ல. மூக்கைச் சுற்றிலும் அவற்றினுள் காற்று நிறைந்த அறைகள் இருக்கின்றன. இவற்றையே சைனஸ் என்கிறோம். இவை நான்கு இணைகள். கன்னங்களில் உள்ளவை மிகப் பெரியவை. இவற்றை 1651-இல் விரிவாக எழுதியவர் நதானியேல் ஹைமோர் என்னும் ஆங்கில மருத்துவர். இரு கண்களுக்கும் நடுவே தேன்கூடு போல் சிறு சிறு அறைகள் உண்டு. புருவத்துக்கு மேலே நெற்றியில் ஓர் இணையும், மூக்குக்குப் பின்னே மண்டையின் ஆழத்தில் ஓர் இணையும் உள்ளன. பிறக்கும்போது கன்ன அறைகளும் கண்ணிடை அறைகளும் சிறிய அளவில் இருக்கும். நெற்றி அறைகளோ பள்ளிப் பருவத்தில்தான் மெல்ல வளர்ந்து, பதின்பருவத்தின் இறுதியில் முழு உருவம் பெறுகின்றன.

இந்த அறைகளின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அதில் ஊறும் பிசுபிசுப்பான நீர் தூசியையும் கிருமிகளையும் பிடித்துக்கொள்கிறது. சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள், வயலில் காற்றுக்கு அசையும் நாற்றுப் போல் ஒரே திசையில் அசைந்து, அந்த நீரைச் சிறிய வாசல் வழியாக மூக்குக்குள் தள்ளுகின்றன. அங்கிருந்து அது தொண்டைக்கு இறங்க, நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மூக்கிலும் சைனஸ் அறைகளிலுமாக நாள்தோறும் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் இவ்வாறு ஊறுகிறது என்றால் வியப்பாயிருக்கும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. கன்ன அறையின் வாசல் அதன் அடியில் இல்லை, மேற்பகுதியில் இருக்கிறது. அடியில் ஓட்டையில்லாமல் கழுத்தருகே மட்டும் ஓட்டையுள்ள பானையை நினைத்துக்கொள்வோம். அதிலுள்ள நீர் தானாக வெளியேறாது. குற்றிழைகள்தாம் அதை மேல் நோக்கி ஏற்றி வெளியே சேர்க்க வேண்டும். வாசல் திறந்திருக்க வேண்டும். குற்றிழைகள் உழைக்க வேண்டும். இவ்விரண்டில் எது கெட்டாலும் நோய்தான்.

வாசல் அடைபட்டால்

அந்த வாசலின் அகலம் சில மில்லிமீட்டர்களே. சாதாரண ஜலதோஷ வைரஸ் தாக்கிச் சவ்வு வீங்கினாலே அது மூடிக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கும். தேங்கிய குட்டையில் கொசு பெருகுவது போல், தேங்கிய நீரில் சில வேளைகளில் பாக்டீரியா பெருகிச் சீழ் பிடிக்கும். இதுவே சைனஸ் அழற்சி. நம் நாட்டு வைத்தியர்கள் பீனிசம் என்று சொல்லி வந்தது பெரும்பாலும் இத்தகைய நோய்களையே.

இதன் அடையாளங்கள் நான்கு: மூக்கடைப்பு; கெட்டியான சளி மூக்கிலோ தொண்டையிலோ இறங்குதல்; கன்னத்திலோ நெற்றியிலோ பாரமும் வலியும்; மணம் தெரியாமை. குழந்தைகளிடம் இரவில் ஓயாத இருமலும் வாய் நாற்றமும் சேர்ந்து காணப்படும்.

சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ இருப்பதால் மட்டும் அது பாக்டீரியாவின் வேலை என்று முடிவு செய்யலாகாது. வைரஸ் சளியும் நிறம் மாறும். பெரும்பாலான ஜலதோஷம் 7 முதல் 10 நாட்களில் தானாகவே தணிந்துவிடும். 10 நாட்கள் கடந்தும் சிறிதும் குறையாவிட்டாலும், குறைந்தது போலிருந்து மீண்டும் கடுமையானாலும், தொடக்கத்திலேயே கடுங்காய்ச்சலும் சீழ்ச்சளியுமாய் மூன்று நான்கு நாட்கள் நீடித்தாலும் மருத்துவரை அணுக வேண்டும். இந்த அடையாளங்கள் 12 வாரங்களைத் தாண்டி நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் அழற்சி எனப்படும்.

வாசலை அடைப்பவை எவை? முதலாவது ஒவ்வாமை. மெத்தை, தலையணைகளின் தூசியில் வாழும் நுண்பூச்சிகள், கரப்பான் எச்சம், மகரந்தம், ஈரச்சுவரில் படரும் பூஞ்சை ஆகியவை பலருக்கு ஆகா. கொசுவர்த்தி, விறகடுப்பு, சிகரெட் ஆகியவற்றின் புகை குற்றிழைகளை நலிவுறச் செய்யும். மூக்குத் தண்டு வளைந்திருந்தாலும், சிறுவர்களுக்கு மூக்கின் பின்னுள்ள அடினாய்டு பெருத்திருந்தாலும் காற்றும் நீரும் செல்ல இடமிராது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன அறையின் அடித்தளத்தை ஒட்டியிருப்பதால், சொத்தைப் பல்லின் சீழும் அங்கே ஏறக்கூடும்.

தலைக்குக் குளித்தால் "நீர் கோத்துக்கொள்ளும்" என்று வீடுகளில் சொல்வதுண்டு. தலையில் ஊற்றிய நீர் மண்டை எலும்பைத் துளைத்துச் சைனஸுக்குள் இறங்க வழியே இல்லை. உள்ளே தேங்குவது அங்கேயே ஊறிய நீர்தான். ஆகவே தலைக்குக் குளிப்பதை நிறுத்தி நோயை நிறுத்த முடியாது.

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். சைனஸ் தலைவலி என்று பலர் நம்பும் வலி, உண்மையில் ஒற்றைத் தலைவலியாக இருப்பதுண்டு. சளியும் அடைப்பும் இல்லாமல் தலை மட்டும் அடிக்கடி வலித்து, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல், குமட்டலும் வந்தால் அதற்குரிய மருத்துவம் வேறு. பூப்பெய்தும் வயதுப் பெண்களிடம் இது தோன்றத் தொடங்குவதுண்டு என்பதைத் தாய்மார் நினைவில் கொள்க.

சதை என்னும் பெயர்

"மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது" என்றவுடன் வீடே கலங்கிவிடுகிறது. பாலிப் எனப்படும் இது உண்மையில் சதையே அன்று. நாட்பட்ட அழற்சியால் சவ்வு நீர்கோத்துத் தடித்து, காம்போடு தொங்கும் பை போல் இறங்குவதே பாலிப். பார்ப்பதற்குத் தோலுரித்த பச்சைத் திராட்சையை ஒத்திருக்கும். தொட்டால் வலிக்காது. பெரும்பாலும் கண்களுக்கு நடுவிலுள்ள அறைகளிலிருந்து, மூக்கின் இரு பக்கமும் வளரும். இது புற்றுநோய் அன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை.

டார்ச் விளக்கடித்து மகளின் மூக்கைப் பார்க்கும் தாய், உள்ளே சிவந்து புடைத்திருக்கும் ஒன்றைக் கண்டு சதை என்று அஞ்சுவதுண்டு. அது பெரும்பாலும் நம் எல்லோருக்கும் இருக்கும் மூக்குச் சுருளெலும்பும் அதை மூடிய சவ்வுமே. அது இளஞ்சிவப்பாயிருக்கும், தொட்டால் உணர்ச்சி உண்டு. பாலிப்போ வெளிறியிருக்கும், உணர்ச்சி இராது. எது எது என்று சொல்ல வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

பாலிப் உள்ளவர் பலரின் சவ்வில் இயோசினோபில் என்னும் இரத்த வெள்ளணுக்கள் மிகுந்திருக்கும். ஆஸ்துமாவுக்கும் இவ்வணுக்களுக்கும் தொடர்பு உண்டு. ஆதலால் மூக்கில் பாலிப்பும் மார்பில் இழுப்பும் ஒருவரிடமே கூடியிருப்பது வியப்பன்று. இவர்களுள் சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளே மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். இம்மூன்றின் கூட்டை 1922-இல் பிரான்ஸில் விடால் என்பவர் எடுத்துரைத்தார். பின்னர் 1968-இல் அமெரிக்காவில் சாம்ட்டர், பியர்ஸ் ஆகிய இருவரின் ஆய்வால் அது நன்கு விளங்கிற்று. எனவே இழுப்பு உள்ளவர் எந்த மாத்திரையையும் கேட்டறிந்தே விழுங்க வேண்டும்.

பாலிப் பெரும்பாலும் வளர்ந்தவர்களின் நோய். சிறு குழந்தைக்கு இரு பக்கமும் இருந்தால், பிறவியிலேயே சளி மிகக் கெட்டியாயிருக்கும் நோய் உண்டா என்று மருத்துவர் சோதிப்பார். சிறுவர்க்கும் இளைஞர்க்கும் வருவதில் ஒரு வகை தனி. அது கன்ன அறையில் தொடங்கி, ஒரே பக்கமாக வளர்ந்து, மூக்கின் பின்வாசல்வரை தொங்கும். 1906-இல் இதை விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் கில்லியனின் பெயராலும் இது வழங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ தாமதம் கூடாது. சிறு குழந்தையின் ஒரு மூக்கில் மட்டும் நாற்றச் சளி வந்தால், உள்ளே மணியோ புளியங்கொட்டையோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மந்தம் அன்று, மூச்சு

மூக்கு அடைத்த பிள்ளை வாயால் மூச்சு விடுகிறாள். இரவில் குறட்டையும் புரளலுமாய்த் தூக்கம் கெடுகிறது. மறுநாள் பாடத்தில் கண் சொருகுகிறது. அவளை நாம் சோம்பேறி என்கிறோம், மந்தம் என்கிறோம். காது அடைத்து ஒலி மங்குவதும் உண்டு. அப்போது கவனமில்லாதவள் என்ற பெயரும் சேர்கிறது. மல்லிகையும் ரசமும் மணக்காததால் உணவில் நாட்டம் குறைகிறது. இதனினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை நாம் அறிவதற்காகவே அதில் நாற்றம் கலக்கிறார்கள். மணம் அறியாத பெண்ணுக்கு அந்தக் காவலும் இல்லை. ஒரு மூக்கடைப்பு படிப்பையும் உறக்கத்தையும் உயிரையுமே தொடும் என்பதை இனியேனும் உணர்வோமா?

மருந்தும் கத்தியும்

கிரேக்க மருத்துவத்தின் தந்தை எனப்படும் ஹிப்போகிரட்டீஸின் காலத்தில், நூலில் கட்டிய கடற்பஞ்சை மூக்கின் வழியே இழுத்துப் பாலிப்பைப் பிடுங்கினார்களாம். நோயாளியின் பாட்டை எண்ணிப் பாருங்கள்! இன்று முதல் மருத்துவம் மிக எளியது. உப்பு நீரால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை வாரக்கணக்கில் விடாமல் பயன்படுத்துவதுமே அது. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஸ்பிரேயில் அளவு மிகச் சிறிது. கழுவும் நீரை மட்டும் கொதிக்க வைத்து ஆற்றியே எடுக்க வேண்டும். கொதிக்காத நீரில் இருக்கக்கூடிய ஒருவகை அமீபா, மூக்கின் வழியே மூளையைத் தாக்க வல்லது.

கடையில் வாங்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் போடக்கூடாது. நாட்கணக்கில் போட்டால் அதுவே அடைப்பை வளர்க்கும். ஆவி பிடிப்பது சிறிது இதம் தரும், நோயைத் தீர்க்காது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு; ஆகவே சிறுவர்களைத் தனியே ஆவி பிடிக்க விடலாகாது. ஒவ்வொரு சளிக்கும் ஆண்டிபயாட்டிக் கேட்பதும் தவறு. வைரஸுக்கு அது பயனற்றது.

மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவை செய்வார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கர் என்பவர், மெல்லிய உள்நோக்கிக் குழாயை மூக்கினுள் செலுத்தி நீர் வெளியேறும் வழியை ஆராய்ந்தார். அந்த ஆய்விலிருந்து பிறந்ததே இன்றைய எண்டாஸ்கோப்பி அறுவை. முகத்தில் கீறல் இல்லை, வடு இல்லை. அடைபட்ட வாசலைத் திறந்துவிடுவதே அதன் நோக்கம். ஆயினும் பாலிப் திரும்பவும் வளரக்கூடும். அறுவை முடிந்தது என்று ஸ்பிரேயை நிறுத்திவிடுதல் தகாது. திரும்பத் திரும்ப வளரும் பெரியவர்களுக்கென அழற்சியைத் தணிக்கும் ஊசி மருந்துகளும் இப்போது வந்துள்ளன. அவற்றுள் முதலாவது 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

சில அடையாளங்களைக் கண்டால் ஒரு நாளும் காத்திருக்கலாகாது. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், தாங்கொணாத் தலைவலியோடு வாந்தி, கழுத்து விறைப்பு ஆகியவை அவை. சைனஸுக்குக் கண்ணும் மூளையும் அண்டை வீடுகள். 2021-இல் கொரோனாக் காலத்தில் கருப்புப் பூஞ்சை நம் நாட்டில் பலரின் கண்ணையும் உயிரையும் பறித்தது சைனஸ் வழியாகத்தான். சர்க்கரை நோய் கட்டுக்கடங்காதவர்களையே அது பெரிதும் தாக்கியது.

நாம் செய்யக் கூடியவை

தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைப்போம். படுக்கையறையில் கொசுவர்த்திப் புகையைத் தவிர்த்துக் கொசுவலை கட்டுவோம். மூக்கைப் பலமாகச் சிந்தாமல் ஒவ்வொரு பக்கமாக மெதுவாகச் சிந்துவோம். சொத்தைப் பல்லை வளர விடோம்.

பெற்றோரே, மகளின் மூக்கடைப்புக்கு நாள்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாட்பட்டுவிட்டால் வீட்டு வைத்தியத்தோடு நில்லாது, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவியரே, அருகில் அமரும் தோழி வாயால் மூச்சு விட்டால் சிரிக்க வேண்டாம். அவளிடம் அன்பாகக் கேளுங்கள், ஆசிரியையிடம் சொல்லுங்கள். மூடிய வாசல் ஒன்று திறந்தால், மந்தம் என்று நாம் ஒதுக்கி வைத்தவளே அடுத்த தேர்வில் நம்மை முந்திச் செல்லக்கூடும்.