விடுமுறைக்கு எங்கே போகலாம்?

மே மாதம் பிறந்துவிட்டால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்தக் கேள்வி எழாத வீடு இராது. அம்மா கொடைக்கானல் என்பார். அப்பா, "ஜூன் பிறக்கட்டும், சாரல் விழுந்ததும் குற்றாலம் போகலாம்" என்பார். அண்ணனுக்குச் சதுரகிரி மலை ஏற ஆசை. பாட்டியோ, "நாம் எங்கும் போக வேண்டாம். ஆடிப்பூரத்துக்கு எல்லாரும் இங்கே வரட்டும்" என்று முடித்துவிடுவார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாக்குவாதம் நடந்திருக்குமே!

இவர்களில் யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிப்பது இயற்பியல் ஆசிரியரின் வேலையல்ல. ஆனால் ஒவ்வொருவரும் உண்மையில் எதைத் தேடிப் போகிறார்கள் என்று ஆராய்ந்தால் சுவையான செய்திகள் கிடைக்கும்.

முதலில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கை பொறுக்கும் வெந்நீர், இன்னொன்றில் பானையில் குளிர்ந்த நீர், நடுவில் சாதாரணக் குழாய் நீர். வலக் கையை வெந்நீரிலும் இடக் கையைக் குளிர்ந்த நீரிலும் ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒரே சமயத்தில் நடுப்பாத்திரத்தில் அமிழ்த்துங்கள். ஒரே நீர்தான், ஆனால் வலக் கை 'குளிர்கிறது' என்கும், இடக் கை 'சுடுகிறது' என்கும். 17-ம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் இந்த விந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். நமது தோல் வெப்பமானியைப் போல வேலை செய்வதில்லை. முன்பு இருந்த நிலைக்கும் இப்போதுள்ள நிலைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அது பெரிதாக உணர்கிறது.

விடுமுறைப் பயணத்தில் பாதி இந்த வேறுபாட்டைத் தேடுவதுதான். வெயிலில் வாடும் நாம் மலைக்கு ஓடுகிறோம். மாதக்கணக்கில் வெயிலைக் காணாத வட ஐரோப்பியர்கள் வெயிலில் படுத்துக் கிடப்பதற்காகவே காசு செலவழித்துத் தெற்கே வருகிறார்கள்!

கொடைக்கானலை எடுத்துக்கொள்வோம். ராஜபாளையத்திலிருந்து அங்கு போகும்போது ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம் ஏறுகிறோம். சூரியனை நெருங்குகிறோம், பின் ஏன் குளிர வேண்டும்? சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் ஒரு பொருட்டே அல்ல. காற்றைச் சூடாக்குவது பெரும்பாலும் நிலந்தான். சூடான காற்று மேலே எழும்போது, அங்கு அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிவடைகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே செலவிடுவதால் குளிர்ந்துபோகிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ். 2,000 மீட்டருக்கு 13 டிகிரி. அம்மா கேட்பது இந்த 13 டிகிரியைத்தான்.

பாட்டியின் கட்சி வேறு. அவருக்கு வேறுபாடு வேண்டாம். பழகிய முகங்கள் வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து ஆண்டாள் தேரின் வடம் பிடிப்பதும் ஒருவகை விடுமுறைதான். நிற்கும் தேரை அசைக்க வேண்டிய விசை, ஓடும் தேரை ஓட்ட வேண்டிய விசையைவிட அதிகம். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. எல்லாரும் ஒரே கணத்தில் இழுத்தால்தான் நிலை பெயரும். அந்தக் கணத்துக்காகவே ஊருக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

இனி, குற்றாலம். ஜூன் மாதத்தில் ராஜபாளையத்தில் நின்று மேற்கே பாருங்கள். மலை முகட்டில் மேகம் குவிந்திருக்கும். ஊருக்குள் பெரும்பாலும் காற்று மட்டுமே வீசும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மலையேறும்போது குளிர்ந்து மழையைக் கொட்டிவிடுகிறது. நம் பக்கம் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகி உலர்ந்துவிடுகிறது. ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயில் மலைச்சுவர் தாழ்ந்திருக்கிறது. அந்த இடைவெளி வழியாக ஈரக்காற்று நுழைந்துவிடுகிறது. அதுதான் சாரல்!

அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு அந்தக் காற்றில் நிற்கும்போது பற்கள் தந்தியடிப்பது ஏன்? உடல்மேல் உள்ள ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 100 கிராம் ஆவியானால் 58,000 கலோரி. அதில் பெரும்பகுதி உங்கள் உடலிலிருந்துதான் போகிறது. இழந்ததை ஈடுகட்டத் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. சூடான பஜ்ஜிக்குக் கை நீளுவதில் வியப்பில்லை.

அருவியைத் தேடிப்போன ஓர் இயற்பியலாரையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1847-ல் ஜேம்ஸ் ஜூல் தம் தேனிலவுக்காக ஆல்ப்ஸ் மலைக்குப் போனார். அங்கே தற்செயலாக, பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற வில்லியம் தாம்சனைச் சந்தித்தார். விழும் நீரின் ஆற்றல் வெப்பமாக மாறினால் அருவியின் அடியில் நீர் சற்றே சூடாக இருக்க வேண்டுமல்லவா? 100 மீட்டர் வீழ்ச்சிக்கு வெறும் 0.23 டிகிரிதான். இருவரும் ஓர் அருவியில் அளக்க முயன்றார்கள். நீர் திவலைகளாகச் சிதறிப் போனதால் சோதனை பலிக்கவில்லை. புதுமணப்பெண் என்ன நினைத்தாரோ!

அண்ணனின் சதுரகிரி ஆசைக்கு வருவோம். 50 கிலோ எடையுள்ளவர் 1,000 மீட்டர் உயரம் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை 4,90,000 ஜூல். அதாவது சுமார் 1,17,000 கலோரி. நம் தசைகள், உண்ட உணவின் ஆற்றலில் மிஞ்சிப்போனால் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி முக்கால் பங்கு, ஏறத்தாழ 3,50,000 கலோரி, உடலைச் சூடாக்கும். அதை வெளியேற்ற அரை லிட்டருக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். தண்ணீர்ப் பாத்திரம் இல்லாமல் மலையேறக்கூடாது என்பதற்கு இதுவே கணக்கு.

ஓய்வு நாளில் போய் இவ்வளவு வியர்வை சிந்துவானேன்? மேலே ஏறியவரைக் கேளுங்கள். அங்கிருந்து தெரிந்த காட்சியைத்தான் முதலில் சொல்வார். சமவெளியிலிருந்து 400 மீட்டர் உயரத்தில் நின்றால், தெளிவான நாளில் 70 கிலோமீட்டர் வரை அடிவானம் விரியும். ஆண்டு முழுதும் புத்தகத்தை ஒரு சாண் தூரத்தில் பார்த்துப் பார்த்து இறுகிய விழித்தசைகள் தொலைவைப் பார்க்கும்போது தளர்கின்றன. செண்பகத்தோப்புக் காட்டுக்குப் போகிறவர்களுக்கும் இந்த இன்பம் உண்டு. அங்கே சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் அமைந்த சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது.

அப்பா கேட்பதும் அண்ணன் கேட்பதும் மலையையும் நீரையும்தான். ஆனால் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அங்கே போகிறவர்களில் பலர் நினைப்பதில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் உங்கள் வயதையொத்த ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அவன் பிழைக்கவில்லை. 2015 மே மாதத்தில் சதுரகிரியிலும் காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர்.

கணக்கைப் பாருங்கள். மலைமேல் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், விழுந்த நீர் 50,000 கன மீட்டர். அதாவது 5 கோடி லிட்டர். பாறைச் சரிவு அதை உறிஞ்சுவதில்லை. அதில் பாதி மட்டுமே ஒரு மணி நேரத்தில் ஓர் ஓடையில் வடிந்தாலும் வினாடிக்கு 7 டன் நீர் வரும். நான்கு சதுர கிலோமீட்டர் என்றால் 28 டன். அதோடு நீரின் வேகம் இரட்டித்தால் அது உங்கள் கால்களைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இத்தனையும் நிகழ, குளிக்கும் இடத்தில் ஒரு துளி மழைகூடப் பெய்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே அருவிக்கரையில் நிற்கும்போது வானத்தைப் பார்ப்பதோடு மேலேயுள்ள மலையையும் பாருங்கள். அங்கே மேகம் கறுத்திருக்கிறதா? தெளிந்த நீர் கலங்கிச் செந்நிறமாகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா? இரைச்சல் கூடுகிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும், கரையில் வைத்த துணிமணிகளுக்காகத் திரும்பாமல், பக்கவாட்டில் உயரமான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஓடை வழியே கீழ்நோக்கி ஓடினால் வெள்ளமும் அதே வழியில்தான் பின்னால் வரும்.